ஏழாம் விதி

ஆறு மணி நேரம் நாற்பது நிமிடம் நடந்த அந்தக் கூட்டத்தைப் போல மனிதாபிமானம் வழிந்தோடிய கூட்டத்தை எந்த நாட்டு எல்லையும் கண்டதில்லை. ஆள் கடத்தும் தொழிலில் முதன்முதலாக 'விருந்தினர் நலக் குழு' அமைத்த நிறுவனம் அது.

தட்டச்சு செய்பவள்தான் குறிப்பெழுதினாள். அன்று எல்லை தாண்டி வரவேண்டிய லாரியில் அவள் தம்பியும் இருந்தான். ஊழியர் குடும்பம் என்பதால் கதவோரம் இடம் கொடுத்திருந்தார்கள். வந்து இறங்கியவர்களைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்புவது நிறுவனத்தின் வழக்கம். படம் இன்னும் வரவில்லை. மேசைக்கடியில் கைபேசியைப் பார்த்துக்கொண்டே எழுதினாள்.

"இனி யாரும் 'சரக்கு'ன்னு சொல்லக் கூடாது. விருந்தினர்," என்றார் முதலாளி.

"அப்ப லாரியை என்னன்னு சொல்றது சார்?" என்றார் மேலாளர்.

ஒன்றேகால் மணி நேரம் விவாதித்து 'வரவேற்பறை' என்று முடிவெடுத்தார்கள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒருவர் மடியில் தாளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். புதுமுகம். வேலை கேட்டு வந்தவராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு முறை அவர் எழுந்தார். இரண்டு முறையும் முதலாளி கையைக் காட்டி உட்காரவைத்தார்.

பிறகு ஏழாம் விதிக்குப் பாராட்டு. அதை எழுதியவள் அவள்தான். நடுக்காட்டில் ஆட்களை இறக்கிவிட்டு ஓட்டுநர்கள் கம்பி நீட்டிய காலம் உண்டு. அதனால், முதலாளி நேரில் வந்து கையெழுத்துப் போட்ட பிறகே லாரிக் கதவைத் திறக்கலாம் என்று எழுதியிருந்தாள். மீறிய மூன்று ஓட்டுநர்களுக்கு வேலை போயிருந்தது.

"தங்கமான விதிம்மா," என்றார் முதலாளி. கைதட்டினார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்று நாற்பதுக்குக் கூட்டம் கலைந்தது. பெஞ்சில் இருந்தவர் எழுந்து தாளை நீட்டினார்.

"ஒன்பதேகாலுக்கே வந்துட்டேன் சார். வண்டி கட்டடத்துக்குப் பின்னாடி வெயில்ல நிக்குது."

"திறக்கலையே?"

"நீங்க இல்லாம எப்படி சார்?"

"இதுதான் ஒழுக்கம்," என்று முதலாளி கையெழுத்துப் போட்டார்.

அவள் ஓட்டுநர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, கதவோரம் என் தம்பி இருக்கான். ஏதாவது பேசினானா?"

"தட்டிக்கிட்டே இருந்தாங்கம்மா. நானும் வெளியில நின்னு ஏழாம் விதியைப் படிச்சுக் காட்டினேன்," என்றார் ஓட்டுநர். "பன்னெண்டரைக்கு மேல யாரும் தட்டல."