பப்பாளி அண்ணனின் வயிற்று வரலாறு

கிள்ளான் பள்ளத்தாக்கில் எவன் வயிற்றில் என்ன ஓடுகிறது என்று அவன் பெண்டாட்டிக்குத் தெரியாமல் இருக்கலாம். பப்பாளி அண்ணனுக்குத் தெரியாமல் இருக்காது. போர்ட் கிள்ளானில் நான் பில் போட்டுக்கொண்டிருந்த லோரி கம்பெனியில், எந்த லோரி எந்தக் கொண்டெய்னரை ஏற்ற வேண்டும் என்று பிரித்து அனுப்புவது அவர் வேலை. அதை ஏதோ போகிற போக்கில் செய்வார். மனமார அவர் செய்த உத்தியோகம், ஆபீசில் இருந்த இருபத்திரண்டு பேரின் மலச்சிக்கலைக் கண்காணிப்பதுதான்.

காலையில் மற்றவர்கள் குட்மார்னிங் சொல்வார்கள். இவர் "போச்சா?" என்பார். போச்சு என்றால் அதோடு விடுவாரா? "எப்படி? இளக்கமாவா, கெட்டியாவா?" துறைமுகத்தில் வரிசையில் நிற்கும் டிரைவருக்குப் போன் போட்டால், கேட் நம்பரைச் சொல்வதற்கு முன்னால் இதைத்தான் கேட்பார். அதுவும் ஸ்பீக்கரில். ஒருமுறை பத்திரம் சரிபார்க்க வந்த மலாய்க்கார அதிகாரியையும் கேட்டுத் தொலைத்துவிட்டார். அந்த மனுஷர் பாவம், மூன்று நாளாகப் போகவில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டார். மறுநாளே அவருக்கு ஒரு முழுப் பப்பாளி போனது. அது லஞ்சத்தில் சேருமா என்று முதலாளி ஒரு வாரம் தூங்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொமுட்டர் ரயிலில் வருவார். மடியில் எப்போதும் ஒரு பப்பாளி. தலைவலியா, பப்பாளி. மூட்டு வலியா, பப்பாளி. அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

இப்பேர்ப்பட்ட மனிதர் தன் வயிற்றைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார். "உங்களுக்குப் போச்சாண்ணே?" என்று நாங்கள் திருப்பிக் கேட்டால், "எனக்கென்ன லா, மணி அடிச்ச மாதிரி" என்று போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். எதிர்முனையில் யாரும் இருக்கமாட்டார்கள்.

போன வருஷம் திடீரென்று கட்சி மாறினார். தினமும் ஒரு சிவப்பு டிராகன் பழம். ஊரே பார்க்க மேசையில் வைத்து வெட்டி, வாயெல்லாம் சாயம் வழியத் தின்பார். அந்தப் பழத்தைத் தின்றால் மறுநாள் கழிவறையிலும் அதே சிவப்புதான் என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். முதல்தடவை அலறாதவர் கிடையாது. எனக்கு அப்போது சந்தேகம் வரவில்லை. எங்கள் ஆபீஸ் இரண்டாவது மாடி. படியில் பாதியிலேயே உட்கார்ந்து இளைப்பாற ஆரம்பித்தார். முகம் வெளுத்துப்போய்விட்டது. வயசாகுது என்று நாங்களும் கிண்டல் அடித்தோம்.

ஒருநாள் என் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஏம்மா, இந்த வாரம் பாசார்ல செவப்பு கெடைக்கல. வெள்ளையதான் வாங்குனேன். வெள்ள டிராகன் பழம் சாப்பிட்டாலும் செவப்பா போவுமா?"

"போகாதுண்ணே."

"அதான் நானும் பாத்தேன்."

அடப் பாவி மனுஷா! ரத்தம் போவதைப் பார்த்துவிட்டு, பழி போட ஆள் வேண்டுமென்று பழத்தை வாங்கித் தின்றிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிள்ளானில் ஒரு கிளினிக்குக்குப் போனேன்.

டாக்டர் சின்னப் பெண், நம் தமிழ்ப் பிள்ளை. "எத்தன நாளா ரத்தம் போகுது அங்கிள்?"

"பழத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"மொத்தமா."

"ஏழு மாசம். மூலம்னு நெனச்சேன்."

"வழக்கமா போறதுல ஏதாவது மாற்றம்?"

"ரெண்டு நாளு சிக்கும், மூணாவது நாளு தண்ணியா போவும்." அடுத்த மூச்சிலேயே, "எங்க டிரைவர் ஒருத்தனுக்கும் இப்படித்தான் டாக்டர், அவனுக்கு என்னான்னா..."

"உங்களப் பத்தி சொல்லுங்க அங்கிள். குடும்பத்துல யாருக்காவது குடல்ல கட்டி, கேன்சர்?"

"சேச்சே, ஒருத்தருக்கும் இல்ல. அப்பா மட்டும் செய்வினையில செத்தாரு."

பேனா நின்றது. "செய்வினைன்னா, அவருக்கு என்ன பண்ணுச்சு?"

"ஒரு வருஷம் ரத்தமா போச்சு. எளச்சுத் துரும்பாயிட்டாரு. என் தம்பி மாமியார் வச்சது."

"அப்ப அவருக்கு என்ன வயசு?"

"அம்பத்திரெண்டு." அண்ணனுக்கு ஐம்பத்து நான்கு. அந்தக் கணக்கை நாங்கள் மூவருமே போட்டுப் பார்த்தோம்.

ஆஸ்பத்திரியில், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் ஸ்கோப்புக்கு நாள் கொடுத்தார்கள். முதல்நாள் குடலைச் சுத்தம் செய்ய ஒரு பெரிய குவளை உப்பு மருந்தைக் குடிக்க வேண்டும். நான் ஆபீஸ் வாட்ஸ்அப்பில் ஒரு வரிதான் போட்டேன். ஆளாளுக்குப் போன் போட்டு "போச்சா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஒன்பதாவது ஆளோடு அவர் போனை அணைத்துவிட்டார்.

பெருங்குடலில் நான்கு பாலிப், அதாவது சதைக் கட்டிகள். ஒன்று திராட்சை அளவு. நான்கையும் அங்கேயே எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டில் கேன்சர் இல்லை. ஆனால் பெரியது அந்தப் பாதையில்தான் போய்க்கொண்டிருந்தது, விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் அங்கிருந்த டாக்டர். "உங்க அப்பாவுக்கு இதுதானான்னு இனிமே உறுதியா சொல்ல முடியாது. ஆனா கூடப் பொறந்தவங்களும் பிள்ளைங்களும் கட்டாயம் பாத்துக்கணும்."

அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. ஒரே தம்பி, தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில். அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில், சாமி கும்பிட வந்த அத்தனை சனத்துக்கு முன்னாலும் தம்பியின் மாமியாரைச் சூனியக்காரி என்று சொன்னவர் இவர். அன்றோடு போக்குவரத்து நின்றது. இருபத்தைந்து வருஷம்!

"போன்ல சொல்லிடலாமா?" என்றார்.

"போன எடுப்பாரா உங்க தம்பி?"

சனிக்கிழமை நான்தான் கார் ஓட்டினேன். வழியெல்லாம் என்னை ஒருமுறைகூட "போச்சா?" என்று கேட்கவில்லை. அந்த வாயா இது என்று எனக்கே பயமாகிவிட்டது. கேட்டைத் திறந்தது யாரென்று நினைக்கிறீர்கள்? அந்த மாமியாரேதான். எழுபத்தைந்து வயசு, கையில் துணி காயப்போடும் கிளிப்புகள்.

அண்ணன் ஸ்கோப்பில் எடுத்த கலர்ப் படத்தை அவர் முன்னால் நீட்டினார். "அத்தை, எங்க அப்பாவுக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும். நீங்க ஒண்ணும் வைக்கல. நான்தான் வாய்க்கு வந்தத பேசிட்டேன். மன்னிச்சிருங்க."

அந்த அம்மாள் படத்தைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "இத சொல்ல இவ்ளோ நாளா உனக்கு?" என்றார். சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன், வெட்கமென்ன.

பின்னால் வந்து நின்ற தம்பி, அண்ணனை 'வா' என்றுகூடச் சொல்லவில்லை. படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "எனக்கும் ரெண்டு மாசமா ரத்தம் போவுதுண்ணே. வீட்ல சொல்லல" என்றார்.

அண்ணன் அவரைத் திட்டவில்லை, வைத்தியம் சொல்லவில்லை. தம்பியின் கையைப் பிடித்து என் காரின் பின்சீட்டில் ஏற்றி, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, "கெளம்புமா, கிளினிக்க மூடிருவாங்க" என்றார். கிள்ளான் வரும்வரை அந்தக் கையை அவர் விடவில்லை. இந்தத் தொல்லைபிடித்த மனுஷன் எனக்கும் கூடப்பிறந்திருக்கக் கூடாதா என்று ஏங்கிக்கொண்டே ஓட்டினேன்.