புற்றுமண் சிஸ்டர்

முதல் தூறலில் மண்வாசனை எழும்பினால் மற்றவர்களுக்குக் கவிதை வரும். எனக்கு ஆஸ்பத்திரி வரும். கூடவே புற்றுமண் சிஸ்டர் வருவார். சங்கரன்கோவிலில் ஆண்களை ‘வே’ போட்டு அதட்டிய ஒரே பெண். அவர் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஊசி போட்டுக்கொண்டவர் இந்தத் தாலுகாவிலேயே கிடையாது.

“கடைசியா எப்பம்வே புத்துமண் பூசுனீரு?”

உடம்பு தடித்தால் எங்கள் ஊர்க் கோயில் புற்றிலிருந்து எடுத்துப் பூசும் மண் அது. கால் முறிந்தவரிடமும் இதே கேள்விதான், வயிற்றுவலிக்காரரிடமும் இதேதான். மயங்கி வந்த புளியங்குடி எலுமிச்சை வியாபாரி கண் திறந்ததும் சிஸ்டர் இதைக் கேட்க, அவர் “ஐயோ, கோயிலுக்கா தூக்கிட்டு வந்துட்டிய?” என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். புதிய டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கே காய்ச்சல் வந்தபோது சிஸ்டர் அவரையும் விடவில்லை.

நான் முள் குத்திய காலில் சீழ் வைத்துப் படுத்திருந்தேன். “எந்த மருந்தாவது ஒத்துக்காதா?” என்றார் டாக்டர். “கல்லைத் தின்னாலும் செரிக்கும் சார்” என்றேன் கம்பீரமாக. அவர் ஊசி எழுதினார். சிஸ்டர் சிரிஞ்சோடு வந்தார். கூடவே கேள்வியும் வந்தது.

“பூசலையே” என்றேன்.

என் மனைவிக்குப் பொய் தாங்காது. “பூசுனாகளே! போன ஆடித்தபசுக்கு முந்தி மேலெல்லாம் தடிச்சு, மூஞ்சி பூசணிக்கா மாரி வீங்கிட்டு. வரப்புல பாம்பை அடிச்ச பாவம்னு கோயில் புத்துல மண்ணெடுத்துப் பூசுனோம். வத்திட்டு.”

எங்கள் ஊரில் உடம்பு தடித்தால் எவரும் மாத்திரையைச் சந்தேகிப்பதில்லை. பாம்புதான் குற்றவாளி.

“தடிக்கும் முன்ன என்ன மாத்திரை தின்னாரு?” என்றார் சிஸ்டர்.

“பல்லு புடுங்கினதுக்குக் குடுத்தாக. மாத்திரை அட்டை இந்தப் பைக்குள்ளதான் கெடக்கு.”

மனைவி மஞ்சள்பையைக் கவிழ்த்தார். தேங்காய் மூடி, திருநீறு, பஸ் டிக்கெட்டுகளுக்கு அடியிலிருந்து பாதி காலியான அட்டை வந்தது. அதைப் படித்ததும் சிஸ்டர் சிரிஞ்சைத் தட்டில் வைத்தார். அந்தச் சின்னச் சத்தத்தில் என் கம்பீரம் முழுதும் வியர்த்துவிட்டது.

“அதே குடும்பத்து மருந்துவே இது! ஏத்தியிருந்தா இந்தத் தடவை மூச்சே அடைச்சிருக்கும். பாம்பு மேல பழியப் போட்டு மாத்திரையத் தப்பிக்க விட்டிருக்கீரு!”

ஓடிவந்த டாக்டர் சீட்டில் அந்த மருந்தை அடித்துவிட்டு வேறு எழுதினார். சிஸ்டர் என் கேஸ் ஷீட்டின் நெற்றியில் சிவப்பு மையில் எனக்கு ஆகாத அந்த மருந்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினார். திருஷ்டிப் பொட்டு வைப்பதுபோல.

கால் ஆறிக் கிளம்பிய அன்று, அந்த அட்டையை என் சட்டைப்பைக்குள் செருகி, மேலே மெல்லத் தட்டினார். “எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல்ல இதக் காட்டணும், என்ன?”

கைகூப்பினேன். “வாரேன் சிஸ்டர்.”

“இங்கன வாரேன்னு சொல்லாதீரும்வே. நேரே கோயிலுக்குப் போயி, அந்தப் பாம்புகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு, நல்லபடியா வீட்டுக்குப் போரும்.”