பக்கத்துசீட்டுக்கு ஒரு குட்டு

குறை சொல்வதற்கு மாதச் சம்பளம் வாங்குகிற பாக்கியம் எல்லோருக்கும் வாய்க்காது. நம் நாற்காலிக்காரருக்கு வாய்த்திருந்தது. நாற்காலித் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. உட்காருவார், ஆடுவார், எழுந்து கவிழ்த்துப் பார்ப்பார், "பின்னங்கால் ஆடுது" என்று திருப்பி அனுப்புவார். அந்த வார்த்தை அவர் நாக்கிலேயே குடித்தனம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரின் புதுக் காரா, பின்னங்கால் ஆடுது. கொழுந்தியாள் எடுத்த புடவையா, பின்னங்கால் ஆடுது. கல்யாணமான புதிதில் மனைவியின் சமையலையும் அப்படிச் சொன்னார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பிரேக் மேடம் என்றால் அந்த வட்டாரத்துக்கே தெரியும். பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்குமே, அது அவள் காலுக்குச் சொந்தம். வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. எங்கே இருக்கிறது என்று நாற்காலிக்காரருக்குத் தெரியாது. வண்டி நின்ற பிறகு, இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

வீட்டில் குறை சொல்ல வழியில்லை. வாய் நமநமத்தது. அப்போதுதான் அந்த இணையதளம் கண்ணில் பட்டது.

ஒரு துப்பறியும் தொடர். கதாநாயகி பெண் இன்ஸ்பெக்டர். தொடர் முடிந்த பிறகும் ரசிகர்கள் அவளை ஓய்வெடுக்க விடவில்லை. தளம் ஒன்று வைத்து ஆளுக்கொரு கதை எழுதி அவளை அலையவிட்டார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கதையின் தலையில் 'தட்டலாம்' என்று போட்டிருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும். 'குட்டலாம்' என்று போட்டிருந்தால் குறை சொல்லலாம். ஆனால் குட்டுகிறவர் முதலில் ஒரு நல்லதைச் சொல்ல வேண்டும், கடைசியில் சரிசெய்யும் வழியைச் சொல்ல வேண்டும். குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பது அவர்கள் கட்சி.

நாற்காலிக்காரர் அங்கே 'தராசு' என்று பெயர் வைத்துக்கொண்டு குட்டினார். இந்தப் பெயரை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. வீட்டில் இருந்ததே இரண்டு பேர்தான்.

ஒரு நாள் புதிதாக ஒருவர் முளைத்தார். பெயர் 'பக்கத்துசீட்டு'. தொடரில் இன்ஸ்பெக்டரின் கணவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை. குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து "துண்டு எடுத்துத் தா" என்று ஒரு குரல் வரும், அவ்வளவுதான். பக்கத்துசீட்டு அந்தக் குரலுக்கு உடம்பு கொடுத்திருந்தார். கணவன் தண்ணீர் குடிக்கிறான். நிரப்ப வேண்டிய வேலை தன் தலையில் விழக்கூடாது என்று அடியில் ஒரே ஒரு வாய் மிச்சம் வைத்து பாட்டிலைத் திரும்பக் குளிர்பெட்டியில் வைக்கிறான். கதையின் தலையில் 'குட்டலாம்'.

நாற்காலிக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். ஒரு புது எழுத்தாளரைக் கை தூக்கிவிட்டே தீருவது என்று அந்தக் கணமே முடிவு கட்டினார்.

"நல்லது: எழுத்துப்பிழை இல்லை. குறை: கணவன் பாத்திரத்துக்குப் பின்னங்கால் ஆடுகிறது. இப்படி ஒரு மனிதன் பூமியில் கிடையாது. ஒரு வாய்த் தண்ணீரை மிச்சம் வைக்கிற அளவுக்கு யாருக்கு வணங்காத உடம்பு? சரிசெய்யும் வழி: அவனுக்குக் கொஞ்சம் கௌரவம் கொடுங்கள்."

எழுதி முடித்ததும் தாகம் எடுத்தது. குளிர்பெட்டியைத் திறந்து குடித்தார். அடியில் ஒரு வாய் மிச்சம் வைத்து மூடினார்.

"என்னங்க, மும்முரமா என்ன தட்டிட்டு இருக்கீங்க?" என்றாள் மனைவி.

"தொழிற்சாலை விஷயம்."

"ஏதாவது ஆடுதா?"

"ஆமா. புதுசா ஒண்ணு வந்திருக்கு. சுத்தமா ஆடுது."

"பாத்து சொல்லுங்க. புதுசுன்னா கொஞ்சம் ஆடத்தான் செய்யும். எங்கிட்ட வர்றவங்க சுவத்துல கொண்டுபோய் விட்டாகூட நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். 'சுவரு எப்ப கண்ணுக்குத் தெரிஞ்சுது?'ன்னுதான் கேப்பேன்."

"அதெல்லாம் உன் வண்டிக்கு சரி. இது தரம் சம்பந்தப்பட்டது."

"சரிங்க" என்றாள். இந்தச் 'சரிங்க'வுக்கு அகராதியில் வேறு பொருள் என்று அவர் கவனித்திருக்க வேண்டும்.

பக்கத்துசீட்டின் பதில் பணிவாக வந்தது: "நன்றி ஐயா. இனி நன்றாகக் கவனித்து எழுதுகிறேன்."

அடுத்த அத்தியாயத்தில் கணவன் மனைவியின் தங்கை வீட்டுக்கு விருந்துக்குப் போனான். எல்லோரும் சாப்பாட்டு மேசையில் காத்திருக்க, இவன் தனக்குப் போட்ட நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்தான். நாற்காலிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். பாதியில் சிரிப்பை நிறுத்தினார். போன ஞாயிற்றுக்கிழமை கொழுந்தியாள் வீட்டில் நாற்காலியைக் கவிழ்த்தது யார்?

பக்கத்துசீட்டு. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சம்பாதிக்கிற ஒருத்தி.

கீழே வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள். "இந்த ஆளை எங்கே பிடித்தீர்கள்?" என்று கேட்டிருந்தார் ஒருவர். முகம் தெரியாத ஊரெல்லாம் அவர் மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது. கேட்டுச் சண்டை போடலாம். போட்டால் அந்த ஆள் நான்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். நாற்காலிக்காரர் யோசித்தார். எழுதுவது அவள்தான் என்று எனக்குத் தெரிந்துபோனது அவளுக்குத் தெரியாது. குட்டுவது நான்தான் என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. அப்படியென்றால் கயிறு யார் கையில்?

தராசு குட்டினார். "நல்லது: விருந்துக் காட்சி கண்முன் நிற்கிறது. குறை: கணவனை மட்டந்தட்டுகிறீர்கள். வழி: இன்ஸ்பெக்டர் முக்கியமான வழக்கில் அவனிடம் யோசனை கேட்கட்டும். அவன் பெருந்தன்மையாகச் சொல்லட்டும்."

பதில் வந்தது. "அருமையான யோசனை ஐயா. ஆனால் தன் துண்டையே தேடத் தெரியாதவனிடம் கொலைகாரனைத் தேட யோசனை கேட்டால் யார் நம்புவார்கள்? நான் கண்ணால் கண்டதைத்தான் எழுதுவேன். வீட்டில் அப்படி ஒரு மனிதரைக் கண்டால் உடனே எழுதிவிடுகிறேன்."

வேறு வழியில்லை. காண்பித்துவிட வேண்டியதுதான்.

மறுநாள் காலை தன் துண்டைத் தானே எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். பாட்டில்களை வாய்வரை நிரப்பி, அவள் பார்வை படும்படி வரிசையில் நிறுத்தினார். துவைத்த துணிகளை மடித்தார்.

"உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்றாள் மனைவி.

"ஏன், மனுஷன் வீட்டு வேலை செய்யக்கூடாதா?"

"செய்யலாமே. போர்வையை மட்டும் நாலா மடிங்க. எட்டா மடிச்சா தலகாணின்னு நினைச்சுப்பேன்."

அடுத்த அத்தியாயத்தில் கணவன் துணி மடித்தான். இன்ஸ்பெக்டர் ஒரு சின்னத் திருட்டு வழக்கில் அவனிடம் யோசனை கேட்டாள். நாற்காலிக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. ஒரு சின்ன வழக்குக்குத் துணி என்றால் பெரிய வழக்குக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார். அடுப்படிக்குள் நுழைந்தார். கொழுந்தியாள் வீட்டுக்கு அவராகவே கிளம்பிப் போய், காட்டிய நாற்காலியில் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார். அது நிஜமாகவே ஆடியது. பல்லைக் கடித்துக்கொண்டு கூடவே ஆடினார்.

கதையில் கணவன் வளர்ந்தான். கடத்தல் கும்பலே அவன் யோசனையால் பிடிபட்டது. வாசகர்கள் உருகினார்கள். "இவருக்குத் தம்பி யாராவது உண்டா?" என்று ஒரு பெண்மணி விசாரித்திருந்தார். பொம்மலாட்டத்தில் கயிறு பிடிக்கிற சுகம் இத்தனை நாளாகத் தெரியாமல் போயிற்றே என்று நாற்காலிக்காரர், கைநிறையப் பாத்திரமும் சோப்பு நுரையுமாக நின்று மகிழ்ந்தார்.

கடைசி அத்தியாயம் வந்தது. இன்ஸ்பெக்டர் பதக்கம் வாங்கும் மேடையில் கணவனையும் பக்கத்தில் நிறுத்தியிருந்தாள். முடிவில் ஒரு வரி: "குட்டிக் குட்டியே இந்தக் கணவரை ஆளாக்கிய தராசு ஐயாவுக்கு என் நன்றி."

நாற்காலிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "எந்தக் காலும் ஆடவில்லை" என்று எழுதினார். வாழ்நாளில் எந்த நாற்காலிக்கும் அவர் கொடுக்காத சான்றிதழ்.

மறுநாள் காலை. கதை முடிந்துவிட்டது. இனி யார் பார்த்து என்ன எழுதப்போகிறார்கள்? கைவீசிக்கொண்டு குளியலறைக்குள் போனார். திவ்வியமாகக் குளித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு குரல் கொடுத்தார்.

"துண்டு எடுத்துத் தா."

காலடிச் சத்தம் வந்தது. கதவுக்கு வெளியே நின்றது. துண்டு வரவில்லை.

"முதல்ல நல்லது சொல்லிடறேன்" என்றாள் மனைவி. "குரல் நல்லா கணீர்னு இருக்கு. குறை என்னன்னா, கதாபாத்திரம் முதல் அத்தியாயத்துக்கே ஓடிப்போயிடுச்சு. சரிசெய்யற வழி, கதவைத் திறந்தா கைக்கெட்டற தூரத்துல அலமாரி."

 உள்ளேயிருந்து மெலிதாக ஒரு குரல்.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"முதல் குட்டுலேருந்து. கதைக்குப் பின்னங்கால் பாக்கற ஆளு உலகத்துல எத்தனை பேருங்க இருக்காங்க?"

கதவு ஒரு சாண் திறந்தது. ஈரக் கை ஒன்று வெளியே வந்து, அலமாரியைத் துழாவத் தொடங்கியது.

"நிதானமா தேடிட்டே சொல்லுங்க, தராசு ஐயா. ரெண்டாம் பாகம் எழுதட்டுமா, வேணாமா?"