நாலாம் ஜன்னலும் உன் அக்காவின் கண்ணும்

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நானும் என் முட்டிவலியும் சுகம். உன் அக்காவுக்குக் கண்ணைத் தவிர மற்றதெல்லாம் சுகம். வாய் ரொம்பவே சுகம்.

வருகிற மாதம் உனக்கு அறுபத்தைந்து நிறைகிறது, அரசாங்க மருத்துவ அட்டை வாங்குவது எப்படி என்று விளக்கச் சொல்லிக் கேட்டிருந்தாய். சரியான ஆளைத்தான் கேட்டாய். முப்பத்தோரு வருடம் அதே துறையில் படிவங்களும் விதிகளும் எழுதி, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவன் நான். விஷயம் சுலபம், மாப்பிள்ளை. வயதானவர்களுக்கு ஓர் அட்டை, வருமானம் குறைந்தவர்களுக்கு ஓர் அட்டை. வயதும் ஆகி வருமானமும் குறைந்த நம்மைப் போன்ற பாக்கியசாலிகளுக்கு இரண்டும் உண்டு. முதல் அட்டை கொடுத்தது போக மீதியை இரண்டாவது கொடுக்கும். அவ்வளவுதான். இது புரியாத ஒரே இடம் அந்த அலுவலகம்.

உன் அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. போன வாரம் இல்லாத படியில் கால் வைத்து உருண்டாள். எலும்பு தப்பியது. அன்றிலிருந்து அவள் மாடிப்படி பக்கம் போனாலே முட்டிவலியை மறந்து முன்னால் ஓடி நிற்கிறேன். அதனால் கண் ஆபரேஷனுக்கு அட்டை வாங்க நானே அழைத்துப் போனேன். ஒன்றாம் ஜன்னலில், "வயசு சரிங்க, ஆனா வருமானம் கம்மியா இருக்கே, நாலாம் ஜன்னலுக்குப் போங்க" என்றார்கள். நாலாம் ஜன்னலில், "வருமானம் கம்மிதான், ஆனா வயசு ஜாஸ்தியாச்சே, ஒண்ணாம் ஜன்னலுக்குப் போங்க" என்றார்கள். ஐந்து தடவை நடந்தோம். ஒவ்வொரு தடவையும் உன் அக்கா வேறு ஆபீசுக்கு வந்துவிட்டதாக நினைத்து, வழியிலிருந்த தூணுக்கு வணக்கம் வைத்தாள். கடைசியில் நாலாம் ஜன்னல் குமாஸ்தா மனமிரங்கிப் படிவத்தை நீட்டினார். அதன் அடியில் பொடி எழுத்தில் ஓர் உறுதிமொழி. அதை அவர் முன்னால் உரக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டுமாம். "படிக்க முடிஞ்சா நான் எதுக்குய்யா இங்க வரேன்?" என்றாள் உன் அக்கா. "அப்போ கைநாட்டு வெச்சிடுங்கம்மா" என்றார் அவர். எனக்கு வந்ததே கோபம்! தலைமை எழுத்தர் பெண்டாட்டி கைநாட்டா? படிவத்தைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் அந்த உறுதிமொழியை அவளுக்கு மனப்பாடம் செய்வித்தேன். "கல்யாணத்துக்குக்கூட என்கிட்ட இவ்வளவு உறுதிமொழி கேக்கலை" என்று முனகிக்கொண்டே கற்றாள். மூன்றாம் நாள் ஜன்னலில் நின்று, படிவத்தை முகத்துக்கு நேரே பிடித்து, ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் பார்த்தேன், படிவம் தலைகீழாக இருந்தது. குமாஸ்தா அதைக் கவனிக்கவே இல்லை. "அடேயப்பா, இந்தப் பொடி எழுத்தையே இவ்வளவு நல்லா படிக்கிறீங்களே!" என்று மெச்சிவிட்டு, மேலே சிவப்பு மையில் எழுதினார்: 'பார்வை நன்று. சிகிச்சை தேவையில்லை.' மேல்முறையீடு செய்தால் ஆறு மாதத்தில் பதில் வருமாம். ஆறு மாதத்தில் அவள் எத்தனை படி ஏறி இறங்க வேண்டும்! முதலில் ஆபரேஷன் செய்ய வேண்டியது அந்த அலுவலகத்துக்குத்தான். மேல்முறையீட்டில் பன்னிரண்டு பக்கம் எழுதிவிட்டேன், இன்னும் முன்னுரை முடியவில்லை.

நீயும் வீட்டாரும் எந்த ஜன்னலையும் பார்க்காமல் நூறாண்டு வாழ வேண்டும். குழந்தைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: இதை உறையில் போடும்போது உன் அக்கா வந்து நிற்கிறாள், கையில் இரண்டு அட்டையும்! எதிர்வீட்டுத் தையல்காரம்மாவோடு போய், புதுப் படிவம் வாங்கி, கைநாட்டு வைத்தாளாம். கைநாட்டு வைப்பவருக்குக் குமாஸ்தாவே படித்துக் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறதாம். பத்தே நிமிடமாம். வியாழக்கிழமை ஆபரேஷன். அந்த விதியை எழுதியவன் நான்தான், மாப்பிள்ளை. மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டுப் படி; நீ போகும்போது உன் அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொள். கட்டைவிரல் மையை அவள் இன்னும் கழுவவில்லை. கண்கட்டுப் பிரித்ததும் முதலில் என் முகத்தைத்தான் பார்க்க வேண்டுமாம். எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.