பங்களாக் காதும் லயத்து வாலும்

"இது யாரு நாய்?"

பெரட்டுக் களத்தில் ஆட்களை வேலைக்குப் பிரித்துக்கொண்டிருந்த இராயப்பன் திரும்பிப் பார்த்தான். தேயிலைத் தோட்டத்துப் புதிய துரையின் கையில் துப்பாக்கி இருந்தது. விசர்நாய் நோய் பரவுகிறது, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து நாய்களைச் சுட்டுவிட வேண்டும் என்று நேற்றுத்தான் உத்தரவு போட்டிருந்தார்.

நாய் இராயப்பனின் காலடியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. அது குரைத்து யாரும் கேட்டதில்லை. போன மாதம் ஒரு மாலையில் பங்களாப் பாதைப் பனிக்குள்ளிருந்து அவன் பின்னாலேயே வந்துவிட்டது. உடம்பெல்லாம் செம்மண். அவன் மனைவி சிசிலி எத்தனை தரம் குளிப்பாட்டியும் அந்த மண்வாசனை போகவில்லை. பிள்ளையில்லாத சிசிலி பகலெல்லாம் அதனோடுதான் பேசிக்கொண்டிருப்பாள். இன்று அது சுடப்பட்டால் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

"லயத்து நாய் இல்லீங்க தொரே. பழைய தொரையோட நாய்க்குப் பொறந்தது."

"அப்பன் பேரு?"

பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டபோது அவனுடைய அப்பன் எங்கே பிறந்தான் என்று கேட்டார்கள். அதற்கே பதில் தெரியாமல் விழித்தவன் அவன். பழைய துரை இறந்த பிறகுதான் இந்தத் தோட்டத்துக்குக் கணக்கப்பிள்ளையாக வந்தான். அவர் நாய் வளர்த்தாரா என்றே தெரியாது. ஆனால் யாரோ காதில் சொல்லிக்கொடுத்ததுபோல ஒரு பெயர் வாயில் வந்தது.

"டங்கன்."

நாய் தலையைத் தூக்கியது.

துரை அதைச் சுற்றி வந்தார். தொங்கும் நீளக் காது, சுருள் மயிர். பின்னால் லயத்து நாய்களுக்கே உரிய வளைந்த வால்.

கொழுந்துக்கூடையோடு நின்ற ராக்காயி சொன்னாள். "முன்னாடி பாத்தா பங்களா, பின்னாடி பாத்தா லயம். அப்பன அப்படியே உரிச்சு வச்சிருக்குங்க தொரே. அந்த டங்கன் என்னைய ரெண்டு தரம் கடிச்சிருக்கு."

துரை துப்பாக்கியைத் தாழ்த்தினார். "நல்ல ரத்தம். அப்போ பங்களாவுக்குச் சொந்தம். சாயங்காலம் கொண்டு வா."

அவர் போனதும் இராயப்பன் கேட்டான். "நெசமாவா ராக்காயி? கடிச்சுச்சா?"

"நீங்க மாட்டிக்கிட்டு முழிச்சீங்களேன்னு சொன்னேன். நான் பங்களாப் பக்கமே போனதில்லைங்க."

வீட்டில் இராயப்பன் விஷயத்தைச் சொன்னதும் சிசிலி நாயை மடியில் இழுத்துக்கொண்டாள். நாயின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து முகம் கழுவினாள்.

"பழைய தொரைக்குச் சமைச்ச செபமாலை அண்ணன் புதுத் தொரைக்கும் சமைக்க நோர்வூட்லேருந்து இன்னைக்கு வர்றாராம். நான் போயிச் சொல்லி வைக்கிறேன். தொரை பயப்படுற மாதிரி ஏதாச்சும் சொல்லுவாரு. நீங்க பாட்டுக்கு நாயக் கூட்டிக்கிட்டுப் போங்க."

பங்களாவுக்குப் போகும்போதே இராயப்பன் தன் பங்குக்கு ஒரு திட்டம் போட்டிருந்தான்.

"இதுக்கு லயத்துப் புத்திங்க தொரே. திருடும். சொன்ன பேச்சு கேக்காது."

நாய் கால்களை மிதியடியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனது. இதற்கு முன் அது அந்த வாசலை மிதித்து அவன் பார்த்ததில்லை. மூன்று கதவுகளில் நடுக்கதவைத் தள்ளி, கணப்படுப்பின் அருகே பழைய துரையின் சாய்வுநாற்காலிக்குப் பக்கத்தில் படுத்தது. வெறும் நாற்காலியை நிமிர்ந்து பார்த்து வாலை ஆட்டியது. நாற்காலி மெதுவாக ஆடியது.

"காத்துங்க," என்றான் இராயப்பன். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

"என்ன அறிவு!" என்றார் துரை. "இனிமே இங்கதான்."

இராயப்பன் கைகூப்பினான். "தொரே, மன்னிக்கணும். டங்கன்னு ஒரு நாயே கெடையாது. நான் சும்மா சொன்னது."

துரை சிரித்தார். "பொய் சொல்லாத மேன். அப்போ இதுக்கு இந்த இடம் எப்படித் தெரியும்?"



அப்போது செபமாலை தேநீர்த் தட்டோடு வந்தார். நாயைப் பார்த்தார். தட்டு கைநழுவிக் கீழே விழுந்தது.

"இது டங்கனோட குட்டி இல்லீங்க தொரே," என்றார் மெல்ல. "டங்கனேதான். தொரை செத்த மறுவாரம் சோறு திங்காம இதுவும் செத்துப்போச்சு. பங்களாவுக்குப் பின்னால சைப்ரஸ் மரத்தடியில நான்தான் பொதைச்சேன்."

கணப்படுப்பில் விறகு வெடித்தது. துரை ஓரடி பின்வாங்கினார். நாற்காலியைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"கொண்டு போ. இனிமே இந்தப் பக்கம் வரக் கூடாது. சுடவும் வேண்டாம். கொண்டு போ."

வெளியே பனி இறங்கியிருந்தது. இராயப்பனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பங்களாவின் கேட்டு வரை கூடவே வந்த செபமாலையின் தோளைத் தட்டினான்.

"பிரமாதம்ண்ணே. தட்ட வேற கீழ போட்டீங்க பாருங்க, நானே நம்பிட்டேன். சிசிலி சொன்னதுக்கு மேலேயே செஞ்சிட்டீங்க."

செபமாலை நின்றார். நாயும் நின்றது. அதன் பாதங்களில் புதிதாகச் செம்மண் ஒட்டியிருந்தது.

"சிசிலி தங்கச்சிய நான் இன்னும் பாக்கவே இல்லீங்க," என்றார் அவர். "பஸ்ஸ விட்டு எறங்கி நேரா அடுப்படிக்குத்தான் வந்தேன். இவனத் தோண்டி எடுத்தது யாருன்னு உங்ககிட்ட கேக்கத்தான் கேட்டு வரைக்கும் வந்தேன்."