உளுந்தஞ்சோற்றில் குடியிருந்த அம்மன்

மண்ணறி சித்தர் சீவலப்பேரிக்கு வந்திருக்கிறார் என்றதும் டவுன் பஸ் படிக்கட்டில்கூட இடமில்லை. வயலைப் பார்க்காமலே அதன் குறையைச் சொல்வாராம். வயலில் இறங்கிப் பார்த்துச் சொல்லும் விவசாய ஆபீசருக்கு நம் ஊரில் மோர்கூடக் கிடையாது!

சித்தருக்கு ஒரே நிபந்தனை. வீட்டில் கை நனைத்தால்தான் வாக்கு வரும். சொந்த வயலில் விளைந்ததையே சமைக்க வேண்டும்.

பஞ்சு அண்ணாச்சி வீட்டில் உளுந்தஞ்சோறு. சாப்பிட்டெழுந்த சித்தரின் வாக்கு: "வயல்ல அம்மன் குளுந்து இருக்கா!" பயிரும் கரும்பச்சையாய் நின்றது.

மாரிக்கண்ணு வீட்டில் வெறும் சோறு, ரசம். "மண்ணு மேல சாபம். பால்மாட்டைத் தானம் குடு!" பயிரும் மஞ்சளாய் நின்றது. ஊர் வாயைப் பிளந்தது.

மாரிக்கண்ணு கைக்குழந்தையோடு அழுதாள். பிள்ளைக்குப் பால் அந்த மாட்டில்தான். சாயங்காலம் மாட்டை ஏற்றிப்போகச் சித்தரின் வேன் வரும்.

அவள் மதினி இசக்கியம்மாள் மாட்டுக் கயிற்றைப் பிடித்தாள்.

"ஏளா, மாட்டை அவுக்காத. மத்தியானம் எங்க வீட்டுல சாமிக்குச் சாப்பாடு."

"நீங்க என்னத்துக்கு மதினி வாக்கு கேக்குதிய?"

"கேட்டுத்தான் பாப்பமே."

கூட்டமும் பின்னாலேயே போனது. உளுந்தஞ்சோற்றை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுச் சித்தர் கண்ணை மூடினார். அருளா, உண்ட மயக்கமா, யார் கண்டது!

"அம்மன் குளுந்து இருக்கா தாயி. நெல்லு இடுப்பளவு நிக்கும்."

"எங்கன நிக்கும் சாமி?"

"உன் வயல்லதான்."

"எனக்கு ஏது வயலு? குடியிருக்க வீடே வாடகை. இந்த உளுந்தும் பஞ்சு அண்ணாச்சி வீட்டுல வாங்கினது."

சித்தர் கண் தானாகத் திறந்தது.

"என்னவே, அம்மன் எங்க வீட்டு உளுந்துக்குள்ளயா இருக்கா?" என்றார் பஞ்சு அண்ணாச்சி.

இசக்கியம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். "உளுந்துலதான் இருக்கு விஷயம். உங்க வீட்டுல உளுந்தஞ்சோறு திங்கிய. அதுக்காவ நெல்லறுத்த ஈரத்துல உளுந்து விதைக்கிய, காய் பறிச்சதும் கொடியை மண்ணுக்கே உரமா மடக்கி உழுதுருதிய. மண்ணு தெம்பா இருக்கு. மாரிக்கண்ணு வீட்டுல, அது பட்டிக்காட்டுச் சோறுன்னு விட்டாச்சு. நெல்லுக்கு மேல நெல்லு. வருசத்துக்கு வருசம் மூட்டை உரம். மண்ணுக்கு யாரு சோறு போடுதா? இவரு நம்ம இலையைப் பாத்து வயலைச் சொல்லுதாரு!"

"நிந்திக்காதே! நாக்கு அழுகும்!"

"அழுகட்டும் சாமி. சாப்பிட்ட இலையை எடுத்து எருக்குழியில போட்டுட்டுப் போங்க, மண்ணுக்காவது ஆவும்."

சித்தர் கை கழுவக்கூட நிற்கவில்லை. வேன் காலியாகத் திரும்பியது. மாரிக்கண்ணு மாட்டுக்குத் தவிடு வைத்துவிட்டு, விதை உளுந்து கேட்கப் பஞ்சு அண்ணாச்சி வீட்டுக்குப் போனாள்.

அடுத்த சித்தரைத் தேடிப் பஸ் ஏறும் மகாஜனங்களே! முதலில் உங்கள் வயலில் இறங்கி ஒரு பிடி மண்ணை அள்ளிப் பாருங்கள். அதற்கு டிக்கெட் கிடையாது.