அத்தானின் உடம்பு அவசரமாகத் தேவை

பேரன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் இடது கெண்டைக்கால் நீங்கலாக. அங்கே நீயும், அத்தானும், அத்தானுடைய புஜங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். புஜத்தை எதற்குத் தனியாக விசாரிக்கிறான் என்று கண்ணை உருட்டாதே, விஷயமே அதுதான். போனில் சொல்லியிருக்கலாம். நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய், அத்தான் பின்னாலிருந்து சிரிப்பார், என் மானம் போகும். ஆகவே கடிதம்.

வருகிற வெள்ளிக்கிழமை என் மகள் குருவிக்கு பிசியோதெரபி கடைசிச் செய்முறைத் தேர்வு. தேறினால் அவள் பயிற்சி எடுத்த ஆஸ்பத்திரியிலேயே வேலை. தவறினால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும். அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம், தொட்டுக் காட்டி விளக்குவதற்கான உடம்பைப் பரீட்சை எழுதுகிறவளே வீட்டிலிருந்து கூட்டிப்போக வேண்டுமாம். அந்த உடம்புக்கு மாடல் என்று பெயர். மற்றப் பெண்களுக்கு ஓட்டப்பந்தயம் ஓடும் அண்ணன், நீச்சல் சொல்லிக்கொடுக்கும் சித்தப்பா என்று வாய்த்திருக்க, இவளுக்கு வாய்த்தது நான். "உங்ககிட்ட எங்க தசை இருக்கு, அவ எதைக் காட்டுவா?" என்று என் வீட்டுக்காரி கேட்டதை நான் காதில் வாங்கவில்லை. பெற்ற மகளுக்கு உடம்பைக் கொடுக்காதவன் ஒரு தகப்பனா என்று சட்டையைக் கழற்றிவிட்டு சாப்பாட்டு மேசையில் ஏறிப் படுத்துவிட்டேன்.

குருவி சிவப்புப் பேனாவால் என் கையில் நீளநீளமாகக் கோடு போட்டாள். "இது எலும்புத் தசைப்பா. எலும்போட கட்டியிருக்கும். நார் நாரா, குறுக்கே வரி வரியா இருக்கும். நாம சொன்னாக் கேக்கும், சீக்கிரம் களைச்சும் போயிடும்." "சொன்னாக் கேக்கும்ங்கறத விட்டுட்டா அது உங்கப்பாவேதான்" என்றாள் தாய்க்காரி, வெங்காயம் நறுக்கிக்கொண்டே. அடுத்து வயிற்றில் நீலப் பேனா. குடல் சுவரில், ரத்தக்குழாய் சுவரில் இருப்பது மென்தசையாம். வரி கிடையாது, நடுவில் தடித்து இரண்டு முனையும் கூராக இருக்கும், நிதானமாக வேலை செய்யும், அலுத்துக்கொள்ளாது, நம்மை ஒரு வார்த்தை கேட்காது. மூன்றாவது இதயத் தசை. கைத்தசை மாதிரி வரி உண்டு, ஆனால் நம் பேச்சைக் கேட்காது. நார்கள் கிளை விட்டு ஒன்றையொன்று கோத்துக்கொண்டு, தானே தாளம் போட்டு, நாம் பிறக்கும் முன்பிருந்தே அடித்துக்கொண்டிருக்கும். இதைச் சொல்லிக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்தவள், "ஏம்பா இப்படி அடிக்குது?" என்றாள். நீ தேறணுமேன்னுதான் என்று வாய் வரை வந்தது. "காப்பி ஜாஸ்தி" என்று சொல்லி வைத்தேன்.

அந்தப் பேனா சோப்புக்குப் போகாத பேனா என்பது மறுநாள் ஆபீசில்தான் தெரிந்தது. புழுக்கமாக இருக்கிறதே என்று சட்டைக் கையை மடித்துவிட்டேன். புஜத்தில் ஓர் அம்புக்குறி, பக்கத்தில் 'இழு' என்று அவள் கையெழுத்து. பக்கத்து நாற்காலிக்காரர் இழுத்தே பார்த்துவிட்டார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை அக்கா, நேற்று கல்லூரியில் மாதிரித் தேர்வு வைத்தார்கள் பாரு, அங்கதான் என் உடம்பு மொத்தமா கட்சி மாறிடுச்சு. தேர்வு வைக்கற மேடம் வந்து பனிக்கட்டி மாதிரிக் கையை என் முதுகுல வச்சதும் உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. "இது எந்தத் தசை?"ன்னாங்க. "ஒவ்வொரு முடி வேர்லயும் துளித்துளியா மென்தசை இருக்கு மேடம், அது சுருங்குது"ன்னு நம்ம பொண்ணு பட்டுன்னு சொல்லிட்டா. எனக்குப் பெருமை தாங்கல. அந்தப் பெருமையில காலை நீட்டினேன், கெண்டைக்கால் பிடிச்சு இழுத்துக்கிச்சு. ஐயோன்னு கத்தினதுல விக்கல் வந்திடுச்சு. நிக்கவே மாட்டேங்குது. மேடம் கூர்ந்து பார்த்துட்டு, "இதை இவர் வேணும்னு செய்யல இல்லையா, அப்ப இது எந்தத் தசை?"ன்னாங்க. குருவி ஒரு நிமிஷம் யோசிச்சா. அவ யோசிக்கிறதப் பார்த்ததும் என் நெஞ்சு பதறிப்போச்சு. இத்தனை நாள் மேசையில படுத்துக் கேட்டுக்கேட்டு நானும் பாதி டாக்டர் ஆயிட்டேனா, "மென்தசைம்மா, மென்தசை"ன்னு விக்கலுக்கு நடுவுல எடுத்துக்கொடுத்தேன். தப்பு! விக்கல் உதரவிதானத்தோட வேலையாம், நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற அந்தத் தசை வரி போட்ட எலும்புத் தசைதானாம். சில சமயம் நம்மைக் கேக்காமலே துடிக்குமாம். குருவி அதைத்தான் சொல்ல வாயெடுத்திருக்கா. மேடம் அதுக்குள்ள மார்க் பேப்பரை மூடிட்டாங்க. "மாடல் வாயைத் திறந்தா பரீட்சையில நேரா ஃபெயில். வெள்ளிக்கிழமை வேற ஆளைக் கூட்டிட்டு வாம்மா."

திரும்பும்போது பஸ்ஸில் நான் காலை நீட்டிக்கொள்ள ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டு அவள் நின்றுகொண்டே வந்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆகவே அக்கா, உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். அத்தானை உடனே அனுப்பி வை. மரப்பட்டறையில் இழைத்து இழைத்து ஏறிய உடம்பு, எந்தத் தசை எங்கே என்று பேனா இல்லாமலே தெரியும். முக்கியமாக, அவர் பேசமாட்டார். உன்னோடு இத்தனை வருஷம் வாழ்ந்தவருக்கு அந்தப் பயிற்சி நிறைய இருக்கும். குழந்தையின் வேலை என் வாயால் போனதாக இருக்க வேண்டாம்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், உன் பேரப்பிள்ளைகளுக்கு முத்தம், அத்தானுக்கு முன்கூட்டியே நன்றி.

உன் உதவாக்கரைத் தம்பி

பின்குறிப்பு: அத்தானை அனுப்ப வேண்டாம். நீ முதல் வரியிலிருந்து வரிசையாகப் படிப்பவள், இதற்குள் அவரைப் பெட்டி கட்ட வைத்திருப்பாய், அவிழ்க்கச் சொல். உறையை ஒட்டப் போகும்போது குருவி வந்து பிடுங்கிப் படித்துவிட்டாள். "மாமா சிலை மாதிரிப் படுப்பாருப்பா. வேலைக்குப் போனா சிலைக்கா வைத்தியம் பார்க்கப் போறேன்? இழுத்துக்கற காலு, நிக்காத விக்கலு, பயந்து அடிக்கற நெஞ்சு, உன்னை மாதிரி ஆளுங்கதானே வருவாங்க? மேடம்கிட்ட நான் பேசிக்கறேன். நீயே வா."

"என் வாயை என்னடி பண்றது?" என்றேன்.

"அதைச் சுத்தி இருக்கறது மென்தசை இல்லப்பா, கையில இருக்கற அதே ஜாதி. நீ மூடுன்னு சொன்னா மூடும். சொல்லித்தான் பாரேன்."

சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாயங்காலத்திலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்காரி பயந்துபோய் டாக்டரைக் கூப்பிடவா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் இதை உனக்கு எழுதுகிறேன்.